மாமனாரின் கரண்ட் அடுப்பு

எங்கள் வீட்டில் ஒரு கரண்ட் அடுப்பு இருக்கிறது. நான் அரை டிராயர் போட்டுத் திரிந்த காலத்தில் வாங்கியது. வார்ப்பிரும்புச் சட்டம், நடுவில் வெள்ளைப் பீங்கான் தட்டு, தட்டில் நத்தைக்கூடு மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும் பள்ளம், பள்ளத்துக்குள் காயில். ஸ்விட்சைப் போட்டால் சிவக்கும், அணைத்தால் கறுக்கும். ரெகுலேட்டர், சின்ன சிவப்பு லைட் எதுவும் கிடையாது. கோலார் தங்கவயலில் பிறந்து (அதாவது எங்கள் குடும்பத்துக்குள் பிறந்து), பெங்களூர், போபால் வழியாக இப்போது லக்னோ வந்து சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு டிரான்ஸ்பரிலும் சாமான் கட்ட வரும் ஆள் "இதுவுமா சார்?" என்று கேட்பார். இதுவும்தான். தங்கமணியின் அப்பா வாங்கிய அடுப்பு. அதைப் பழைய இரும்புக்காரனிடம் போடலாம் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அதற்கு அப்புறம் சொன்னதில்லை.

தினமும் சமைப்பது கேஸில்தான். சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வராத நாளிலும், இந்த ஊர் ஜனவரிக் குளிரில் பாலைச் சூடாகவே வைத்திருக்கவும் இந்த அடுப்பு பரணிலிருந்து இறங்கும். இந்த வருடம் இறங்கிய இரண்டாவது நாளே காயில் அறுந்தது.

நான் பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். ஆனாலும் ஹாஸ்டலில் படித்தவன். அறுந்த காயிலை இரண்டு பக்கமும் லேசாக இழுத்து, கொக்கி போட்டு முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று தெரிந்தவன். அப்படியே செய்தேன். எரிந்தது. தங்கமணி முன்னால் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியும் நடந்தேன்.

மூன்றாம் நாள் காலை, பால் பாத்திரத்தை இறக்கப் போனவளைக் கரண்ட் தூக்கிப் போட்டது. நான் முறுக்கிய கொக்கி விட்டுப்போய், அறுந்த முனை மேலே எழும்பிப் பாத்திரத்தின் அடியைத் தொட்டிருக்கிறது. பாத்திரம் கவிழ்ந்து பால் காலில் கொட்டியது. கையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பாதம் கொப்பளித்துப் பத்து நாள் செருப்பு போட முடியவில்லை. கீழே விழுந்ததால் கை விடுபட்டது. விடாமல் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரி படுக்கும்போது யோசிக்காமல் இருக்க இன்னும் முடியவில்லை.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மூன்று பின் இருக்கிறது. எர்த் பின்னில் வயரே இல்லை. வெட்டிவிட்டது நான்தான். போபாலில் பிளக் மாற்றும்போது பச்சை வயர் நீளம் பத்தவில்லை. "இது இல்லாமலும் எரியுதே" என்று நறுக்கிவிட்டேன். அந்த வயர் இருந்திருந்தால், முனை பாத்திரத்தைத் தொட்ட நொடியே கரண்ட் சட்டம் வழியாகத் தரைக்கு இறங்கி ஃப்யூஸ் போயிருக்கும். பால் மட்டும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தப் பத்து நாளும் சமையல் நான். அதை விடுங்கள்; சாப்பிட்டவர்களே மன்னித்துவிட்டார்கள். சாயங்காலங்களில் இந்த அடுப்பைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஒரு அணா பெறாத இந்தக் காயிலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய கதை இருக்கிறது என்று.

கரண்ட் ஓடினால் கம்பி சூடாகும் என்பது பழைய சங்கதி. எவ்வளவு சூடாகும் என்று ஜேம்ஸ் ஜூல் 1840களின் ஆரம்பத்திலேயே கணக்குச் சொல்லிவிட்டார். 1892-ல் கனடாவின் ஒட்டாவா நகரத்தில் தாமஸ் அஹர்ன் என்பவர் ஒரு ஹோட்டலில் முழு விருந்தையே மின்சாரத்தில் சமைத்துப் பரிமாறினார். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் மின்சாரச் சமையலறை வைத்துக் காட்டினார்கள். (அதே வருடம், அதே ஊரில்தான் விவேகானந்தர் பேசினார். அவர் இந்த அடுப்பைப் பார்த்தாரா என்று யாரும் எழுதி வைக்கவில்லை.)

வேடிக்கை காட்ட முடிந்ததே தவிர, வீட்டில் வைத்துப் புழங்க முடியவில்லை. காரணம் கம்பி. இரும்புக் கம்பி சிவக்கச் சிவக்க துருப்பிடித்து உதிரும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் விலையைக் கேட்டால் நமக்கு ஷாக் அடிக்கும். சிவந்து சிவந்து ஆறினாலும் உதிராத மலிவான கம்பி ஒன்று வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ். நிக்கல் எண்பது பங்கு, குரோமியம் இருபது பங்கு. 1906 பிப்ரவரியில் காப்புரிமை கிடைத்தது. நாம் நைக்ரோம் என்கிறோமே, அதுதான். இதன் சூட்சுமம் ரொம்ப எளிமை: சூடானதும் மேல்புறம் குரோமியம் ஆக்சைடு படிந்து, அந்தப் பூச்சே உள்ளே காற்று போகாமல் காக்கிறது. தானே தன் மேல் வார்னிஷ் அடித்துக்கொள்ளும் கம்பி. இன்றைக்கும் டோஸ்டர், இஸ்திரிப் பெட்டி, ரூம் ஹீட்டர் என்று எதைப் பிரித்தாலும் பெரும்பாலும் இதுவோ இதன் பங்காளியோதான் உள்ளே இருக்கும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு கிளைக்கதை. மேற்கு ஆஸ்திரேலியாவில் கால்கூர்லி என்று ஒரு ஊர். பாலைவனத்து நடுவில் தங்கச் சுரங்க ஊர். அந்த ஊர் நகராட்சியின் மின் பொறியாளர் டேவிட் கர்ல் ஸ்மித் 1905-ல் ஒரு மின்சார அடுப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் மனைவி நோரா அந்த அடுப்பில் எப்படிச் சமைப்பது என்று 1907-ல் ஒரு புத்தகமே போட்டார். அடுப்பு எடுபடவில்லை, கரண்டைக் குடித்தது. புத்தகம் நின்றுவிட்டது, மின்சாரச் சமையலுக்கு உலகத்தில் வந்த முதல் புத்தகம் என்று அதைச் சொல்கிறார்கள். பொறியாளர் செய்ததைவிட வீட்டம்மா எழுதியது அதிக நாள் வாழ்ந்திருக்கிறது. தங்கமணியிடம் இதைச் சொன்னேன். காலில் களிம்பு போட்டுக்கொண்டே, "ஆச்சரியமா என்ன?" என்றாள்.

தங்கச் சுரங்க ஊர் என்றதும் எனக்கு நம் தங்கவயல் ஞாபகம் வந்தது. அங்கேதான் இந்தக் கதை நம் வீட்டுக்கு வருகிறது.

கோலார் தங்கவயலில் 1880-லிருந்து சுரங்கத்தை நடத்தியது லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ். மேலே இருந்த நல்ல பாறையெல்லாம் தீரத் தீர, ஆழம் போக வேண்டியதாயிற்று. ஆழம் போனால் ஆட்களை இறக்க, கல்லை ஏற்ற, தண்ணீரை இறைக்க, காற்றை அனுப்ப, எல்லாவற்றுக்கும் சக்தி வேண்டும். விறகும் நிலக்கரியும் எரித்து நீராவியில் ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் தள்ளி, சிவசமுத்திரத்தில் காவிரி சும்மா விழுந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழர். ஏ.சி. ஜோலி டி லோட்பினியே என்ற ராணுவப் பொறியாளர் திட்டம் போட்டார் (இவரும் கனடாவில் பிறந்தவர், விருந்து சமைத்த அஹர்ன் ஊரிலிருந்து ரொம்பத் தூரமில்லை). அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கிலிருந்து ஜெனரேட்டர், சுவிட்சர்லாந்தின் எஷர் விஸ் கம்பெனியிலிருந்து டர்பைன். கப்பலில் வந்து, ரயிலில் வந்து, கடைசி தூரம் மாட்டு வண்டியிலும் யானை இழுத்தும் வந்து சேர்ந்தன. 1902 ஜூன் 30 அன்று சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்குக் கரண்ட் பாய்ந்தது. டார்ஜிலிங்கில் 1897-லேயே ஒரு சின்ன நீர் மின் நிலையம் வந்துவிட்டது. ஆனால் இவ்வளவு தூரம் கம்பி இழுத்துக் கொண்டுபோனது அன்றைக்குப் பெரிய காரியம். சேஷாத்ரி ஐயர் பார்க்கவில்லை. முந்தின வருடம் செப்டம்பரில் இறந்துவிட்டார்.

தேதிகளைப் பாருங்கள். தங்கவயலுக்குக் கரண்ட் வந்தது 1902. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில், அதே சிவசமுத்திரத்துக் கரண்டில்தான். மார்ஷின் கம்பி 1906. அதாவது, இந்தியாவின் ஒரு மூலையில் மின்சாரம் வந்து நான்கு வருடம் கழித்துத்தான் அதை வைத்து ஒழுங்காகச் சோறு பொங்கக்கூடிய கம்பியே உலகத்தில் பிறந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது நம்மாட்கள் வீட்டுக்கு வந்தால் கட்டாயம் வாக்குவாதத்தில் முடியும் விஷயம். கோடையில் காவிரியில் தண்ணீர் குறைந்தால் சிவசமுத்திரத்தில் கரண்ட் குறையும். சுரங்கத்துக்கு ஒப்பந்தப்படி கொடுக்க முடியாது. கிருஷ்ணராஜசாகர் அணையை 1911-ல் கட்டத் தொடங்கியதற்குப் பாசனம் மட்டுமல்ல, இந்த மின்சாரமும் ஒரு முக்கியக் காரணம். அந்த அணையைப் பற்றி மைசூருக்கும் சென்னை மாகாணத்துக்கும் நடந்த இழுபறிதான் 1924 ஒப்பந்தத்தில் முடிந்தது. டீக்கடையில் காவிரி பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். ஒரு நாளும் அதில் தங்கச் சுரங்கம் வந்ததில்லை.

சுரங்கத்துக்குக் கரண்ட் வந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களுக்கு? வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து போன தமிழர்கள், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இவர்கள்தான் பெரும்பாலும் கீழே இறங்கியவர்கள். அவர்கள் இருந்தது வரிசை வரிசையான லைன் வீடுகள். ஆரம்பத்தில் மூங்கில் தட்டிச் சுவர், ஒற்றை அறை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போனது. உலகத்தின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. பாறையே சுடும்.

என் மாமனாரின் தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து போனவர். மாமனார் சாம்பியன் ரீஃபில் எலெக்ட்ரிகல் செக்‌ஷனில் ஹெல்ப்பராகச் சேர்ந்தார். 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆன பிறகு சேர்ந்தவர். 1983-ல் போனஸ் பணத்தில் ராபர்ட்சன்பேட்டையில் இந்த அடுப்பை வாங்கினாராம். "எங்க லைன்ல யாருக்கும் மீட்டரே கிடையாதுங்க. காலையில எங்கம்மா அடுப்பு போட்டா ராத்திரிதான் அணைப்பாங்க" என்பாள் தங்கமணி. வங்கிக்காரனுக்கு இதைக் கேட்டாலே நெஞ்சு வலிக்கும். இரண்டாயிரம் வாட் அடுப்பு, மணிக்கு இரண்டு யூனிட். நான் கணக்குப் போட்டுச் சொன்னபோது, "எங்கப்பாவுக்கு மூச்சு வாங்கினதையும் யூனிட்ல போடுங்க" என்றாள். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். கொப்பளம் ஆறியதும், "நீங்க தொட வேணாம், கடையில குடுங்க" என்றாள். நியாயம்தான். ஆனால் நான் கெடுத்ததை நான்தான் சரிசெய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். எங்கள் பிளாட்டுகளுக்கு வரும் எலெக்ட்ரீஷியனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு செய்வது என்று சமாதானம் ஆயிற்று.

முதல் வேலை, பிளக்கைப் பிடுங்கி ஓரமாக வைப்பது. ஸ்விட்சை அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் ஸ்விட்ச் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் காயிலில் கரண்ட் இருக்கும். அப்புறம்தான் அடுப்பைக் கவிழ்த்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக.

அடித்தகட்டில் ஆணியால் கீறி எழுதியிருந்தது. 85. 88. 90. 93. 96. 98. 2000. 2006. 2009. 2013.

"இது என்ன?" என்று கேட்டேன். காயில் மாற்றிய வருடங்களாம். "அப்பா ஒவ்வொரு தடவையும் எழுதுவாரு."

வங்கியில் பழைய லெட்ஜர்களைப் புரட்டியவன் நான். எண்கள் வரிசையாக இருந்தால் கண் தானாக இடைவெளியைத்தான் தேடும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு காயில். திடீரென்று 2000-க்கும் 2006-க்கும் நடுவில் ஆறு வருடம். அந்த ஒரு காயில் மட்டும் அவ்வளவு நாள் வந்ததா?

வரவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வருடமே காயில் போயிருக்கிறது. மாமனார் மாற்றவில்லை. மாரிக்குப்பம் ரயிலில் விடிகாலை ஏறி, பெங்களூரில் ஒரு அடுக்குமாடியில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். திரும்பி வரும்போது ராத்திரி. அத்தை விறகுக்கு மாறினார். அடுப்பு பரண் மேல். தங்கமணி அப்போது பிளஸ் டூ. "காயில் என்ன பெரிய விலையா? வாங்கியிருக்கலாமே" என்று கேட்டுவிட்டேன். "வாங்கியிருக்கலாம். அதப் பாத்தா மைன்ஸ் ஞாபகம் வருதுன்னு கீழ எடுக்கவே விடல" என்றாள். 2006-ல் மகளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தபோதுதான் அவராகவே பரணில் ஏறி எடுத்து, துடைத்து, புதுக் காயில் போட்டாராம். 2013 அவர் கடைசியாக மாற்றியது. அடுத்த வருடம் போய்விட்டார். அதற்கப்புறம் நாங்கள் அதிகம் புழங்காததால் அந்தக் காயில் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

எலெக்ட்ரீஷியனுக்கு இதெல்லாம் புரியவில்லை. "என்ன சார், ஆரம்பிக்கலாமா?" என்பதுபோல் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினார்.

உள்ளே வயர்கள் மேல் வெள்ளையாக நார் சுற்றியிருந்தது. பழைய அடுப்புகளில் இது கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாசாக இருக்கலாம். சுரண்டினால் தூசு நுரையீரலுக்குப் போகும். அதனால் சுரண்டாமல், தண்ணீர் தெளித்து நனைத்து, அப்படியே பையில் கட்டி எடுத்துவிட்டோம். புது வயரில் சின்னச் சின்னப் பீங்கான் மணிகளைக் கோத்தார். பிளாஸ்டிக் உறை அந்தச் சூட்டில் உருகிவிடும்.

காயில் லாட்டூஷ் ரோட்டில் வாங்கினேன். ஹீட்டர் ஸ்பிரிங் என்று கேட்க வேண்டும். நூறு ரூபாய் நோட்டு கொடுத்தேன், மீதியும் வந்தது. கடைக்காரர் மீட்டர் வைத்துக் காட்டினார்: 25 ஓம். 230 வோல்ட்டை 230-ஆல் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் 26 சொச்சம். சூடானால் நைக்ரோமின் மின்தடை கொஞ்சம்தான் ஏறும், ஆகவே சரியாக இருக்கிறது. வட்டிக் கணக்கைவிடச் சுலபம். இந்தக் கணக்கை முன்பே போட்டிருந்தால் நான் செய்த தப்பும் புரிந்திருக்கும். அறுந்த காயிலில் பத்தில் ஒரு பங்கு வீணாகி மீதியை முறுக்கினால், தடை பத்து சதவிகிதம் குறையும். வாட் இரண்டாயிரத்திலிருந்து 2200-க்கு மேல் ஏறும். ஏற்கெனவே நைந்த கம்பிக்கு இன்னும் அதிக வேலை. அதோடு முறுக்கிய இடம் சரியாக ஒட்டாமல் அங்கேயே சூடு குவியும். அங்கேயேதான் மறுபடி அறும். ஹாஸ்டலில் வாரத்துக்கு ஒரு தடவை ஏன் முறுக்கினோம் என்று இருபத்தைந்து வருடம் கழித்துத் தெரிந்தது.

புதுக் காயிலை இழுப்பதில் ஒரு பக்குவம் இருக்கிறது. நெருக்கமாக, ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டு வரும். பள்ளத்தின் முழு நீளத்தை முதலில் நூல் வைத்து அளந்து, அந்த நீளத்துக்குச் சீராக இழுக்க வேண்டும். ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் கலக்கமாகவும் இருந்தால், நெருங்கின இடம் அதிகம் சிவந்து சீக்கிரம் போகும். கூடுதலாக இழுத்துவிட்டால் திரும்பச் சுருங்காது. எனக்கு முதல் காயில் போயிற்று. அதற்காகத்தான் இரண்டு வாங்கியிருந்தேன் :-)

பிளக் புதிது, 16 ஆம்பியர். பச்சை வயர் சட்டத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கியது. அது மட்டும் போதாது. சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. லைவுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் பிடித்தார் எலெக்ட்ரீஷியன். எரியவில்லை. நான் வயரை வெட்டாமல் இருந்திருந்தாலும் இந்த வீட்டில் அது வேலை செய்திருக்காது! சமையலறைச் சாக்கெட்டுக்கு எர்த் கம்பியே இழுக்கவில்லை. எத்தனை குடும்பம் இந்த வீட்டில் குடியிருந்துவிட்டுப் போனதோ. வீட்டு ஓனரிடம் பேசி, பாதிச் செலவு நான் பாதி அவர் என்று முடித்து, எர்த் இழுத்து, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டாயிற்று. கரண்ட் போக வேண்டிய வழி தவிர வேறெங்காவது கசிந்தால் கண் இமைப்பதற்குள் அணைத்துவிடும். உங்கள் வாடகை வீட்டில் இது இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும், அழுத்தினால் அணைய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அடுப்பைப் போட்டோம். முதலில் கொஞ்சம் புகைந்தது, அப்புறம் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் வரை ஒரே சீராகச் சிவந்தது. தங்கமணி தள்ளி நின்றுகொண்டே பார்த்தாள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். பாத்திரத்தை நான்தான் வைத்தேன், நான்தான் ஸ்விட்சை அணைத்துவிட்டு இறக்கினேன். இனிமேல் அணைக்காமல் யாரும் இறக்குவதில்லை என்பது சட்டம். அந்தப் பாலில் அவள்தான் காபி போட்டாள்.

குடித்துவிட்டு ஒரு ஆணியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போனேன்.

"என்ன பண்றீங்க?"

"வருஷம் எழுத வேண்டாமா?"

"ஒரு மாசம் ஓடட்டும். அப்பா ஒரு மாசம் ஓடினப்புறம்தான் எழுதுவாரு."

இன்றோடு பதினெட்டு நாள்.